நோயோடு வரும் உணர்ச்சிகளைக் கவனிப்பது எப்படி

நாள்பட்ட வயிற்றுவலியால் அவதிப்படுகிறவர் அதைப் பிறரிடம் சொன்னால், பெரும்பாலும் இரண்டு பதில்களில் ஒன்று கிடைக்கும். 'எல்லாம் கவலையால் வருவதுதான், மனத்தைத் தேற்றிக்கொண்டால் சரியாகிவிடும்' என்பது ஒன்று. 'பரிசோதனையில் ஒன்றும் இல்லை, மாத்திரையைச் சாப்பிடுங்கள்' என்பது மற்றொன்று. முதல் பதில் வலியோடு பழியையும் அவர் தலையில் ஏற்றுகிறது. இரண்டாவது, அவர் சொல்ல வந்ததில் பாதியைக் காதில் வாங்குவதே இல்லை. உணர்ச்சி நோயைப் பாதிக்கிறது, நோயும் உணர்ச்சியைப் பாதிக்கிறது. ஆனால் எந்த நோயில், எந்த அளவுக்கு, எந்தத் திசையில் என்பது ஆளுக்கு ஆள் மாறும். அதைத் தன் அளவில் கண்டறிந்து, மருத்துவத்துக்குத் துணையாகப் பயன்படுத்திக்கொள்ள விரும்புகிறவருக்கான வழிமுறை இது. சிகிச்சைக்கு மாற்றாக இதில் எதுவும் சொல்லப்படவில்லை.

உடலை முதலில் சோதியுங்கள்

மனத்தை ஆராயத் தொடங்கும் முன் உடலைச் சோதித்துவிட வேண்டும் என்பதற்கு மருத்துவ வரலாறே சான்று. காசநோய் மென்மையான உள்ளமும் நிறைவேறாத ஏக்கமும் கொண்டவர்களைப் பற்றும் நோய் என்று ஒரு காலத்தில் ஐரோப்பாவில் பலர் நம்பினர். 1882-இல் ராபர்ட் காக் அதன் கிருமியைக் கண்டு சொன்ன பிறகே அந்த நம்பிக்கை தளர்ந்தது. இரைப்பைப் புண்ணின் கதை இன்னும் அண்மைக்காலத்தது. பரபரப்பான வாழ்க்கையும் மன அழுத்தமும்தான் அதற்குக் காரணம் என்று பல பத்தாண்டுகள் கூறப்பட்டு வந்த நிலையில், ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 1980-களின் தொடக்கத்தில் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவை அதனுடன் தொடர்புபடுத்தினர். மார்ஷல் அந்தக் கிருமியைத் தாமே குடித்து இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். இருவருக்கும் 2005-இல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. 'கவலையை விடு' என்ற அறிவுரையைக் கேட்டுக்கொண்டே புண்ணோடு வாழ்ந்தவர்களில் பலருக்கு உண்மையில் தேவைப்பட்டது சில வார மருந்துதான்.

எதிர்த்திசையிலும் இந்தத் தவறு நேர்கிறது. காரணமில்லாத சோர்வு, எதிலும் ஆர்வமின்மை, மந்தம் ஆகியவை மனச்சோர்வாகத் தோன்றினாலும் அவற்றின் பின்னே தைராய்டு சுரப்புக் குறைவோ ரத்தசோகையோ வைட்டமின் பி12 குறைபாடோ இருக்கலாம். தைராய்டு மிகுதியாகச் சுரந்தால் படபடப்பும் கைநடுக்கமும் தூக்கமின்மையும் வரும். அவை பதற்ற நோயைப் போலவே இருக்கும். ஸ்டீராய்டு மாத்திரைகள் சிலருக்கு எரிச்சலையும் மிகை உற்சாகத்தையும் மனச்சோர்வையும் உண்டாக்கும். ஆகவே புதிதாகத் தோன்றிய உணர்ச்சி மாற்றம் எதையும், சில வாரங்கள் நீடித்தால், ரத்தப் பரிசோதனையோடும் உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலோடும் மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நெஞ்சில் அழுத்தம், கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, மூச்சுத்திணறல், திடீரென ஒரு பக்கம் பலவீனமாதல், பேச்சுக் குழறல் ஆகியவை தோன்றினால் 'பதற்றமாக இருக்கும்' என்று பொறுத்திருக்கக் கூடாது. அது பதற்றமா இல்லையா என்பதை அவசர சிகிச்சைப் பிரிவில்தான் முடிவு செய்ய வேண்டும்.

உள்ளே என்ன நடக்கிறது

இதை அறிந்திருந்தால் பின்னால் வரும் படிகள் எளிதாகும். அச்சமோ சினமோ எழும்போது மூளையின் ஹைப்போதலாமஸ் இரண்டு வழிகளில் ஆணையிடுகிறது. நரம்பு வழியே சென்ற ஆணை சில விநாடிகளில் அட்ரினலினைச் சுரக்கச் செய்து இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் உயர்த்துகிறது. பிட்யூட்டரி சுரப்பி வழியே செல்லும் ஆணை சில நிமிடங்கள் கழித்துக் கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கச் செய்து ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றுகிறது. செரிமானம், திசுப் பழுதுபார்ப்பு போன்று அப்போதைக்கு அவசரமில்லாத வேலைகள் பின்னுக்குத் தள்ளப்படுகின்றன. ஆபத்து நீங்கியதும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டால் கேடு இல்லை. மாதக்கணக்கில் திரும்பாமலே இருப்பதுதான் சிக்கல்.

இது எவ்வளவு மெய்யானது என்பதை இரண்டு ஆய்வுகள் காட்டின. மறதிநோய் கண்ட உறவினரைப் பராமரித்துவந்த 13 பெண்களின் முன்கையில் 3.5 மில்லிமீட்டர் அளவுள்ள சிறு காயம் உண்டாக்கி, அது ஆற எத்தனை நாளாகிறது என்று அமெரிக்காவில் கணக்கிட்டார்கள்; அத்தகைய சுமை இல்லாதவர்களை விட அவர்களுக்குச் சராசரியாக 9 நாள் கூடுதலாகத் தேவைப்பட்டது என்று 1995-இல் வெளியான அந்த ஆய்வு கூறியது. அதற்கு முன் 1991-இல் வெளியான பிரிட்டன் ஆய்வில், நலமாக இருந்த 394 பேரின் மூக்கில் சளிக் கிருமிகளைச் சொட்டு மருந்தைப் போல விட்டார்கள். மன அழுத்தம் கூடக்கூடத் தொற்று ஏற்படும் வாய்ப்பும் கூடியது. இந்த இரண்டாவது ஆய்வைச் சரியாகப் படிக்க வேண்டும். சளியை உண்டாக்கியது கிருமிதான், கவலை அல்ல. கவலை வாசலைச் சற்று அகலத் திறந்துவிட்டது, அவ்வளவே.

மறுதிசை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. உடலில் தொற்றோ அழற்சியோ உள்ளபோது நோய் எதிர்ப்பு மண்டலம் வெளியிடும் சைட்டோகைன்கள் என்ற வேதிப்பொருள்கள் மூளையை எட்டி, பசியின்மை, தூக்கக் கலக்கம், யாரையும் பார்க்கப் பிடிக்காமை, காரணமற்ற துயரம் ஆகியவற்றை உண்டாக்குகின்றன. காய்ச்சல் நாளில் உலகமே வெறுத்துப்போவது இதனால்தான். முடக்குவாதம் போன்ற நீண்டகால அழற்சி நோய் உள்ளவர்களிடம் மனச்சோர்வு மிகுதியாகக் காணப்படுவதற்கு வலியும் இயலாமையும் மட்டுமல்லாமல் இதுவும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

மூன்று வாரக் குறிப்பேடு

இந்த வழிமுறையின் முதுகெலும்பு இதுதான். மற்றவற்றைச் செய்ய முடியாவிட்டாலும் இதை மட்டுமாவது செய்யுங்கள். ஒரு சிறிய நோட்டு போதும். செல்பேசிச் செயலியிலும் எழுதலாம் என்றாலும், பழைய பக்கங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத் தாளே வசதியானது என்பது என் அனுபவம்.

நாளுக்கு இரண்டு முறை, நேரத்தைக் குறித்து, ஆறு செய்திகளை எழுதுங்கள்: உடல் உபாதையின் கடுமை 0 முதல் 10 வரை எவ்வளவு, அப்போது மேலோங்கி நின்ற உணர்ச்சி எது, அது உடலில் எங்கே தெரிந்தது, முந்தைய சில மணி நேரத்தில் நடந்தது என்ன, இரவில் எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், உணவும் மருந்தும் வேளைக்கு எடுத்துக்கொள்ளப்பட்டனவா. மாதவிடாய் வரும் பெண்கள் சுழற்சியின் நாளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை நோயோ ரத்த அழுத்தமோ இருந்து, வீட்டிலேயே அளக்கும் கருவி இருந்தால், அந்த எண்ணையும் எழுதுங்கள். மருத்துவமனையில் மட்டும் அழுத்தம் ஏறி வீட்டில் இயல்பாக இருப்பது பலருக்கும் நேர்வது. உணர்ச்சி உடலை எட்டுவதை எண்ணாகவே காட்டும் எளிய சான்று அது.

எழுதும்போது 'அதனால்', 'ஆகவே' என்ற சொற்களைத் தவிர்த்துவிடுங்கள். 'மேலாளர் திட்டியதால் தலைவலி' என்று எழுதினால் முடிவை முதலிலேயே எழுதிவிட்டீர்கள் என்று பொருள். 'காலை 11 மணி, மேலாளரோடு வாக்குவாதம்; பிற்பகல் 2 மணி, தலைவலி 6' என்று எழுதினால் பின்னர் ஆராய இடம் இருக்கும்.

மூன்று வாரம் முடிந்தபின் ஒரு மணி நேரம் ஒதுக்கி எல்லாப் பக்கங்களையும் படியுங்கள். உணர்ச்சி முன்னே வந்ததா, உபாதை முன்னே வந்ததா என்பது முதல் கேள்வி. எனக்கு ஒற்றைத் தலைவலி உண்டு. எரிந்து விழுகிற நாள்களில்தான் அது வருகிறது என்று நெடுங்காலம் நம்பி, சினத்தை அடக்கத் தெரியாத என்னையே நொந்துகொண்டிருந்தேன். ஒற்றைத் தலைவலி தொடங்குவதற்குச் சில மணி நேரம் முதல் ஓரிரு நாள் முன்பே எரிச்சல், கொட்டாவி, கழுத்து இறுக்கம் ஆகியவை தோன்றும் என்பதும், அவை அந்த நோயின் முன்கட்டமே என்பதும் பிறகே தெரிந்தது. சினம் தலைவலியை வரவழைக்கவில்லை. வந்துகொண்டிருந்த தலைவலி சினமாக முதலில் தலைகாட்டியது. அந்த ஒரு திருத்தம், மருந்தை எப்போது எடுத்துக்கொள்வது என்பதையும் வீட்டாரிடம் எப்படிச் சொல்லி வைப்பது என்பதையும் மாற்றியது.

இரண்டாவது கேள்வியைப் பெரும்பாலோர் கேட்பதில்லை: அதே உணர்ச்சி எழுந்தும் உபாதை வராத நாள்கள் எத்தனை? ஏழு நாள் கவலைப்பட்டு மூன்று நாள் மட்டும் வயிறு வலித்திருந்தால், அந்த மூன்று நாள்களில் கவலையோடு வேறு எது சேர்ந்திருந்தது என்று பாருங்கள். பட்டினியோ தூக்கக் குறைவோ அங்கே ஒளிந்திருக்கும். விடுமுறை நாள்களில் மட்டும் தலை வலிக்கிறவர், 'ஓய்வுகூட எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை' என்று வருந்தும் முன், அன்று காலைக் காப்பி தாமதமானதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. காப்பிப் பழக்கம் தடைபட்டாலே தலை வலிக்கும்.

மூன்றாவதாக, எத்தனை நேர இடைவெளி என்று கவனியுங்கள். கடும் சினத்துக்குப் பின் முதல் இரண்டு மணி நேரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு இரண்டு மடங்குக்கு மேல் உயர்வதாக 1995-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. இதய நோய் இல்லாத ஒருவருக்கு அந்த வாய்ப்பு அடிப்படையிலேயே மிகக் குறைவு என்பதால் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் இதயம் உடனே எதிர்வினை காட்டும், தோல் அப்படியல்ல. சொரியாசிஸ் போன்ற தோல் நோய்களில் மன அழுத்தத்துக்கும் தடிப்புக்கும் இடையே நாள்களோ வாரங்களோ கடக்கலாம். ஒரே நாளுக்குள் தேடினால் அந்தத் தொடர்பு கண்ணில் படாது.

உணர்ச்சிக்குச் சரியான பெயர்

குறிப்பேட்டில் எல்லா நாளும் 'டென்ஷன்' என்றே எழுதினால் அதிலிருந்து எதுவும் கிடைக்காது. தொல்காப்பியம் உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளை மெய்ப்பாடு என்று அழைத்து, நகை, அழுகை, இளிவரல், மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (சினம்), உவகை என எட்டாக வகுத்தது. 'மெய்' என்றால் உடல்; உணர்ச்சி என்பது உடலில் தோன்றுவது என்ற புரிதல் அந்தச் சொல்லிலேயே அடங்கியிருக்கிறது. இவற்றுள் இளிவரல் என்பது மூப்பு, பிணி, வருத்தம், மென்மை ஆகியவற்றால் எழும் இழிவுணர்வு. நீண்டகால நோயாளிகள் 'கோபம்' என்று எழுதும் இடங்களில் பலமுறை இருப்பது இதுவே: பிறர் கையை எதிர்பார்க்க வேண்டியிருப்பதன் குன்றல். அச்சத்துக்குத் தகவலும் துணையும் வேண்டும், வெகுளிக்கு நியாயம் வேண்டும், இளிவரலுக்கு மதிப்பு வேண்டும். பெயர் மாறினால் மருந்தும் மாறுகிறது.

பேச்சுத் தமிழும் இதில் உதவும். வயிறு எரிகிறது, தொண்டை அடைக்கிறது, நெஞ்சு கனக்கிறது, கை கால் உதறுகிறது என்று நாம் சொல்வன வெறும் உவமைகள் அல்ல. உணர்ச்சிக்குப் பெயர் கிடைக்காதபோது அது உடலில் எங்கே இருக்கிறது என்று மட்டும் எழுதுங்கள்; பெயர் பின்னால் வரும். உணர்ச்சியைச் சொல்லால் குறிக்கும்போது, அச்சத்தைக் கையாளும் மூளைப் பகுதியான அமிக்டலாவின் கிளர்ச்சி குறைவதை மூளைப் படங்கள் காட்டியுள்ளன.

என்ன செய்யலாம்

குறிப்பேடு ஒரு தொடர்பைக் காட்டினால் மட்டும் இந்தப் பகுதிக்கு வாருங்கள். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தொடங்கினால் எது பலன் தந்தது என்று தெரியாமல் போகும். ஒன்றைத் தொடங்கி, இரண்டு வாரம் பார்த்து, அடுத்ததற்குச் செல்லுங்கள்.

தூக்கத்தை முதலில் சீராக்குவது நல்லது. அது குறைந்தால் வலியும் கூடுகிறது, எரிச்சலும் கூடுகிறது. நாள்தோறும் ஒரே நேரத்தில் எழுவது, ஒரே நேரத்தில் படுப்பதை விட எளிதில் கைகூடும்; ஆகவே எழும் நேரத்தை முதலில் நிலைப்படுத்துங்கள்.

மூச்சுப் பயிற்சிக்குப் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். 4 விநாடி மூச்சை உள்ளிழுத்து 6 விநாடி மெல்ல வெளியிட்டால் நிமிடத்துக்கு 6 மூச்சு ஆகும். மூச்சை வெளியிடும்போது இதயத்தின் வேகத்தைக் குறைக்கும் வேகஸ் நரம்பின் பிடி வலுத்து இதயத் துடிப்பு தணிகிறது என்பதால்தான் வெளிமூச்சு நீளமாக இருக்க வேண்டும். ஐந்து நிமிடம் போதும். தலை சுற்றினால் நிறுத்திவிட்டு இயல்பாக மூச்சு விடுங்கள். நுரையீரல் நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டுத் தொடங்க வேண்டும். உச்சக்கட்டப் பதற்றத்தில் இதை முதல்முறையாக முயன்றால் பெரும்பாலும் பலிக்காது. அமைதியான நாள்களில் பழகி வைத்திருந்தால்தான் அந்த நேரத்தில் கைகொடுக்கும்.

உடற்பயிற்சியைப் பொறுத்தவரை வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. நோயுற்றவர் அந்த எண்ணைக் கண்டு மலைக்க வேண்டாம். பத்து நிமிட நடையும் கணக்கில் சேரும்.

மனத்தில் புதைந்து கிடப்பதை எழுதித் தீர்ப்பது இன்னொரு வழி. 1980-களில் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் தொடங்கிய ஆய்வுகளில், மனத்தை வாட்டும் நிகழ்வைப் பற்றி நாளுக்கு 15 நிமிடம் வீதம் நான்கு நாள் எழுதியவர்கள் பின்வந்த மாதங்களில் மருத்துவரைக் குறைவாக நாடினர். பின்னாளில் வந்த பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால் பயன் சிறிய அளவினதே. எழுதிய உடனே மனம் கனப்பதும் இயல்பு. அண்மையில் நடந்த பேரிழப்பைப் பற்றியோ வன்முறையைப் பற்றியோ தனியாக அமர்ந்து எழுத வேண்டாம். அதற்குப் பயிற்சி பெற்ற ஒருவரின் துணை வேண்டும்.

நம்பிக்கையின் ஆற்றலைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. குடல் எரிச்சல் நோய் உள்ள 80 பேரை வைத்து 2010-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில், ஒரு பிரிவினருக்கு 'இதில் மருந்து எதுவும் இல்லை' என்று சொல்லியே வெறும் மாத்திரை கொடுத்தார்கள். அவர்களில் 59 விழுக்காட்டினர் போதிய நிவாரணம் கண்டதாகக் கூறினர், மாத்திரை பெறாதவர்களில் 35 விழுக்காட்டினரே அப்படிக் கூறினர். கனிவாக விளக்கிச் சொல்லும் மருத்துவரும், ஒழுங்காகத் தொடரும் சிகிச்சை முறையும் வலியையும் உபாதையையும் தணிக்க வல்லவை. ஆனால் கட்டியைக் கரைக்கவோ கிருமியைக் கொல்லவோ அவை போதா. நம்பிக்கையை முன்னிட்டு இன்சுலினையோ ரத்த அழுத்த மாத்திரையையோ நிறுத்தச் சொல்பவர் யாராக இருந்தாலும் அவரிடமிருந்து விலகிவிடுங்கள்.

மருத்துவரிடம் சொல்லும் முறை

குறிப்பேட்டை முழுதாக அவரிடம் நீட்டாதீர்கள்; படிக்க அவருக்கு நேரம் இருக்காது. அரைப் பக்கத்தில் சுருக்கி எழுதிச் செல்லுங்கள். உபாதையை முதலில் சொல்லி, உணர்ச்சியைப் பிறகு சொல்வது நடைமுறையில் பயனுள்ளது. 'கவலையாக இருக்கிறது' என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே நின்றுவிடக்கூடும். 'மூன்று வாரத்தில் ஒன்பது முறை வலி வந்தது, இரவில் எழுப்பவில்லை, எடை குறையவில்லை, அதில் ஆறு முறை தூக்கம் ஐந்து மணி நேரத்துக்கும் குறைவு, அப்போது அச்சமும் இருந்தது' என்று சொன்னால் அது அவருக்குப் பிடித்துக்கொள்ளக்கூடிய தகவல். அதன்பின், 'இதைக் கவலை என்று முடிவு செய்யும் முன் வேறு எதைச் சோதிக்க வேண்டும்?' என்று தயங்காமல் கேளுங்கள்.

இரண்டு வாரத்துக்கு மேல் நாளின் பெரும்பகுதி மனம் தாழ்ந்தே இருந்தாலும், முன்பு விரும்பியவற்றில் நாட்டம் அற்றுப்போனாலும் அதைத் தனி உபாதையாகவே சொல்ல வேண்டும். மாரடைப்புக்குப் பின் வரும் மனச்சோர்வு பின்விளைவுகளை மோசமாக்குகிறது என்பது பல ஆய்வுகளில் உறுதிப்பட்டது. 'இவ்வளவு பெரிய நோய் வந்தால் மனம் சோரத்தானே செய்யும்' என்று அதை விட்டுவிடக் கூடாது. உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால் அடுத்த முன்பதிவு வரை காத்திருக்காமல் அன்றே ஒருவரிடம் சொல்லி உதவி பெறுங்கள்.

பராமரிப்பவருக்கு

புற்றுநோய் கண்டவரிடம் 'மனத்தைத் திடமாக வைத்துக்கொண்டால் வென்றுவிடலாம்' என்று சொல்பவரின் எண்ணம் நல்லதுதான். ஆனால் அது எவ்வளவு பெரிய சுமை என்பதைக் கேட்டவரே அறிவார். முற்றிய மார்பகப் புற்றுநோய் கண்ட பெண்கள் கூடிப் பேசும் குழுக்களில் பங்கேற்றால் அவர்களின் ஆயுள் நீள்கிறது என்று 1989-இல் ஓர் ஆய்வு கூறியது உண்மை. 235 பெண்களை வைத்து 2001-இல் வெளிவந்த கனடா ஆய்வில் ஆயுளில் வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் குழுவில் இருந்தவர்களின் மனத்துயரமும் வலியும் குறைந்திருந்தன. அதுவே போதுமான காரணம். அழுகிறவரை அழவிடுங்கள்; அவர் அழுவதால் நோய் வளராது. 'எதைப் பற்றி அதிகமாக யோசிக்கிறீர்கள்?' என்று கேட்டுவிட்டு, விடை வரும்வரை பேசாமல் இருங்கள்.

காயம் ஆற 9 நாள் கூடுதலாக ஆனது நோயாளிகளுக்கு அல்ல, அவர்களைப் பராமரித்தவர்களுக்கு என்பதையும் நினைவில் வையுங்கள். வாரத்தில் அரை நாளாவது பொறுப்பை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு வெளியே செல்வதை, நோயாளியின் மருந்து அட்டவணையிலேயே ஒரு வரியாக எழுதிவிடுங்கள். எழுதி வைக்காதது நடப்பதில்லை.

குறிப்பேட்டை எப்போது நிறுத்துவது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். மூன்று வாரத்தில் தொடர்பு எதுவும் தெரியவில்லை என்றால், உங்கள் நோயில் உணர்ச்சியின் பங்கு சிறியது என்று கொண்டு சிகிச்சையில் மட்டும் கவனம் வைக்கலாம். தொடர்பு தெளிவாகிவிட்டாலும் நாள்தோறும் எழுத வேண்டியதில்லை. உபாதை மாறும்போதோ மருந்து மாறும்போதோ மீண்டும் எடுத்தால் போதும். எழுதுவதற்காகவே உடலை உற்றுக் கவனித்து, ஒவ்வொரு துடிப்புக்கும் பயப்படத் தொடங்கிவிட்டால், மூன்று வாரம் முடியாவிட்டாலும் அன்றே மூடி வைத்துவிடுங்கள்.